சார்ட்டர் பள்ளி வழியாக வீட்டில் படிக்கும் குழந்தை மாநிலத் தேர்வை எழுதியே ஆக வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. கலிஃபோர்னியாவில் சாண்டா கிளாரா கவுண்டியில் இருக்கிறீர்கள். மகள் மூன்றாம் வகுப்பு. ஒரு சார்ட்டர் பள்ளியில் பெயர் பதிந்து, ஆகஸ்டிலிருந்து வீட்டிலேயே படிக்கிறாள். ஏப்ரலில் மாநிலத் தேர்வு, நேரில் வந்து எழுத வேண்டும் என்று பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. "ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்குத் தேர்வே கிடையாது என்றுதானே சொன்னார்கள்? எழுதாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்களா? பாடச் செலவுக்குத் தரும் பணத்தை நிறுத்துவார்களா?" என்று கேட்கிறீர்கள். வீட்டு மொழி தமிழ் என்று எழுதிக் கொடுத்ததால் சேர்ந்த புதிதில் ஆங்கிலத் திறனைப் பார்க்கும் எல்பாக் என்று ஒரு தேர்வு வைத்தார்கள், இப்போது மறுபடியும் வைக்கிறார்கள் என்ற குழப்பமும் இருக்கிறது. போதாததற்கு மே மாதம் திருச்சிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: சட்டத்தின் கண்ணில் உங்கள் மகள் எந்தப் பள்ளியின் மாணவி?

அவள் அரசுப் பள்ளி மாணவி. வீட்டில் இருந்து படிக்கும் அரசுப் பள்ளி மாணவி. கலிஃபோர்னியாவின் கல்விச் சட்டத்தில் ஹோம்ஸ்கூலிங் என்று தனியாக ஒரு வகையே கிடையாது. ஆறு வயது முதல் 18 வயது வரை குழந்தை ஏதாவது ஒரு பள்ளியில் இருந்தாக வேண்டும். வீட்டில் படிக்க வைக்க விரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியில் போகின்றன. முதல் வழியில், பெற்றோர் தங்கள் வீட்டையே ஒரு தனியார் பள்ளியாக மாநிலக் கல்வித் துறையிடம் ஆண்டுதோறும் பதிவு செய்கிறார்கள். பிரைவேட் ஸ்கூல் அஃபிடவிட் என்பது அதன் பெயர், சுருக்கமாக பிஎஸ்ஏ. இரண்டாவது வழி நீங்கள் எடுத்தது. 1992-இல் வந்த சார்ட்டர் பள்ளிகள் சட்டத்தின் கீழ் அரசுப் பணத்தில் இயங்கும் பள்ளியில் சேர்ந்து, 'இண்டிபெண்டன்ட் ஸ்டடி' என்ற ஏற்பாட்டில் வீட்டில் படிப்பது. பேச்சு வழக்கில் இரண்டையும் ஹோம்ஸ்கூல் என்றே சொல்வதால்தான் இந்தக் குழப்பம். தேர்வே கிடையாது என்று உங்களிடம் சொன்னவர் பெரும்பாலும் பிஎஸ்ஏ குடும்பமாக இருப்பார். அவர் சொன்னது அவருக்குச் சரி. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாநிலத் தேர்வு இல்லை, கேட்டாலும் எழுத விடமாட்டார்கள்.

அரசுப் பள்ளி என்பதால்தான் மற்ற கடமைகளும் வருகின்றன. சேரும்போது நீங்கள், மகள், ஆசிரியர் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கும். அது இல்லாமல் பள்ளிக்கு அவள் பெயரில் ஒரு டாலர் வராது. சார்ட்டர் பள்ளி ஆண்டுக்குக் குறைந்தது 175 நாள் பாடம் நடத்த வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வருகைப் பதிவு நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தை வைத்து வருவதில்லை. முடித்த வேலையை ஆசிரியர் உரிமம் உள்ள ஒருவர் பார்த்து, இத்தனை நாள் பாடத்துக்கு ஈடு என்று மதிப்பிட்டால்தான் வருகை. அதனால்தான் ஏறக்குறைய 20 பள்ளி நாட்களுக்கு ஒருமுறை ஆசிரியர் உங்களைச் சந்தித்து ஒர்க் சாம்பிள், அதாவது அவள் செய்த பாடவேலையின் மாதிரி, வாங்கிப் போகிறார். அந்தத் தாளில் பெயரும் தேதியும் இருக்க வேண்டும், பாடம் மதம் சாராததாக இருக்க வேண்டும். பள்ளிப் பணத்தில் வாங்கும் எதற்கும் இதே விதிதான். கர்நாடக இசை வகுப்பை இசைப் பாடமாக ஏற்கும் பள்ளி, பஜனை வகுப்புக்குப் பணம் கட்டாது. தமிழ்ப் பாடநூல் வாங்கலாம், சமயப் பாடநூல் வாங்க முடியாது.

அந்தப் பணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல பள்ளிகள் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 முதல் 3,000 டாலர் வரை ஒதுக்குகின்றன. ஆனால் அது பெற்றோரின் பணம் கிடையாது. கையில் காசாகத் தர சட்டம் அனுமதிப்பதில்லை. பள்ளி அங்கீகரித்த விற்பனையாளரிடம் பள்ளியே வாங்கித் தரும். தீர்ந்துபோகும் நோட்டு, பெயிண்ட் தவிர மற்றதெல்லாம் பள்ளியின் சொத்து, விலகும்போது திருப்பித் தர வேண்டும். பெற்றோருக்கு இவ்வளவு டாலர் உரிமை என்று சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. தொகையும் நிபந்தனைகளும் முழுக்கப் பள்ளியின் கொள்கை.

இனி தேர்வு. பள்ளி மின்னஞ்சலில் 'காஸ்ப்' என்று வருவது மாநிலத் தேர்வுத் திட்டத்தின் பெயர். அதற்குள் 3 முதல் 8 வரையிலும், பிறகு 11-ஆம் வகுப்பிலும் ஆங்கிலம், கணிதம் இரண்டுக்கும் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்ட் தேர்வு. 5, 8 வகுப்புகளிலும் மேல்நிலையில் ஒருமுறையும் அறிவியல். ஆக, உங்கள் மகளுக்கு இந்த ஆண்டு ஆங்கிலமும் கணிதமும் மட்டும்.

இந்தத் தேர்விலிருந்து விலக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கல்விச் சட்டம் 60615-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது: தேர்வின் எந்தப் பகுதியிலிருந்தும், அல்லது முழுவதிலிருந்தும், பிள்ளைக்கு விலக்குத் தரும்படி பெற்றோர் எழுத்தில் கேட்டால் பள்ளி அதைக் கொடுத்தே ஆக வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த உரிமை இருக்கிறது என்று ஆண்டுதோறும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் பள்ளிக்கு இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் அனுப்பும் நீளமான அறிவிப்புத் தொகுப்பில் எங்கோ ஒரு பத்தியாக இருக்கும், தேடிப் பாருங்கள். ஆசிரியர் தேர்வைப் பற்றி உங்களிடம் பேசலாம், ஆனால் விலக்குக் கேட்கச் சொல்லி அவர் தூண்டக் கூடாது. "எழுத வேண்டாமா?" என்று ஆசிரியரிடம் கேட்டால் மழுப்பலாகப் பதில் வருவது இதனால்தான். அவரைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடிதத்தை நாலு வரியில் முடிக்கலாம். மகளின் பெயர், வகுப்பு, பிறந்த தேதி, பள்ளி ஆண்டு, எந்தத் தேர்விலிருந்து விலக்கு, 60615-ஆம் பிரிவின்படி கேட்கிறேன் என்ற ஒரு வாக்கியம், கையெழுத்து, தேதி. ஆசிரியருக்கு மட்டும் அனுப்பாமல் தேர்வுப் பொறுப்பாளருக்கும் முதல்வருக்கும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்தது என்ற பதிலை வாங்கி வையுங்கள். இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, போன வருடக் கடிதம் இந்த வருடத்துக்கும் செல்லும் என்று நினைப்பது. செல்லாது, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழுத வேண்டும். மற்றொன்று, முதல் நாள் எழுதவிட்டு, பிள்ளை அழுதபின் இரண்டாம் நாள் கடிதம் கொடுப்பது. அதுவரை முடித்த பகுதி திருத்தப்பட்டு மதிப்பெண்ணாக வந்துவிடும்.

பெயரை நீக்குவார்களா என்றால், இதைக் காரணம் காட்டி நீக்க முடியாது. சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒரு அரசுப் பள்ளி மாணவியை வெளியேற்ற வழியில்லை. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பிள்ளையை விலகச் சொல்லித் தூண்டக் கூடாது என்று சார்ட்டர் சட்டத்திலேயே இருக்கிறது. பெற்றோர் விருப்பமின்றி நீக்குவதானால் குறைந்தது ஐந்து பள்ளி நாட்களுக்கு முன் எழுத்தில் தெரிவித்து, விசாரணை கேட்கும் உரிமையையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒர்க் சாம்பிள் தராமல் இருப்பது வேறு கதை. பாடவேலை இத்தனை முறை தவறினால், இந்த ஏற்பாடு இந்தப் பிள்ளைக்கு ஏற்றதுதானா என்று மறுஆய்வு செய்யும் விதி உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கும். இந்த வழிப் படிப்பை இழக்கும் ஆபத்து உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

பணம் பற்றி அதே உறுதியோடு பேச முடியாது. தொகை பள்ளியின் கொள்கை என்பதால், எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக அவர்கள் குறைக்கலாம், கூட்டலாம். விலக்குக் கேட்ட குடும்பத்துக்கு மட்டும் தண்டனைபோல நிறுத்தினால் அதைப் பள்ளி நியாயப்படுத்துவது கடினம் என்பது சட்டத்தை நான் படிக்கும் விதம். நான் வழக்கறிஞர் இல்லை. அப்படி நடந்தால், எந்தக் கொள்கையின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள், பிறகு பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கும் பள்ளிக்கு அனுமதி அளித்த மாவட்டத்துக்கும் எழுதுங்கள். இன்னொன்றும் இதே ரகம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வரும் ஐ-ரெடி, மேப் போன்ற தேர்வுகள் பள்ளியின் சொந்தத் தேர்வுகள். 60615 மாநிலத் தேர்வுகளைப் பற்றித்தான் பேசுகிறது, இவற்றுக்கு அந்தக் கடிதம் பொருந்தாது என்றே நான் கருதுகிறேன்.

பள்ளி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 2015-இல் வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டம் 95 விழுக்காடு மாணவர்கள் தேர்வெழுத வேண்டும் என்கிறது. பெற்றோர் விலக்குக் கேட்ட பிள்ளையும் அந்தக் கணக்கில் எழுதாத பிள்ளைதான். 95-க்குக் கீழே போனால், அந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்கு எழுதாத பிள்ளைகளுக்கு அந்த வகுப்பின் மிகக் குறைந்த மதிப்பெண்ணைப் போட்டு, பள்ளியின் சராசரியைக் கணக்கிடுகிறது மாநிலம். உங்கள் மகளின் தனிப்பட்ட பதிவில் அந்த எண் ஏறாது, பள்ளியின் தரப்பட்டியலில் ஏறும். 2019-இல் வந்த ஏபி 1505 சட்டத்துக்குப் பிறகு சார்ட்டர் பள்ளிகள் அந்தப் பட்டியலை வைத்தே மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. கீழ்த்தட்டில் விழும் பள்ளிக்கு அனுமதியைப் புதுப்பிப்பது மிகக் கடினம். ஹோம்ஸ்கூல் குடும்பங்கள் அதிகம் உள்ள பள்ளியில் விலக்குக் கடிதங்கள் குவிவது இயல்பு, அதனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் உள்ள பள்ளிகூட தாளில் மோசமாகத் தெரியும். ஆசிரியரின் குரலில் தெரியும் பதற்றத்துக்கு இதுதான் காரணம். நீங்கள் இந்தப் பள்ளியில் இன்னும் ஏழெட்டு வருடம் இருக்க விரும்பினால் இதையும் எண்ணிப் பார்ப்பது நியாயம் என்பேன். ஆனால் முடிவு உங்களுடையது, குற்ற உணர்ச்சியோடு எடுக்க வேண்டியதில்லை.

எல்பாக் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கலிஃபோர்னியா அரசுப் பள்ளியில் முதல்முறை சேரும்போது வீட்டு மொழிப் படிவம் ஒன்று தருகிறார்கள். அதில் நான்கு கேள்விகள்: குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் குழந்தை அதிகம் பேசும் மொழி எது, நீங்கள் குழந்தையோடு அதிகம் பேசும் மொழி எது, வீட்டுப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசும் மொழி எது. முதல் மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆங்கிலம் அல்லாத பதில் வந்தால் 30 நாட்களுக்குள் தொடக்க எல்பாக் வைக்க வேண்டும். நான்காவது கேள்விக்கு மட்டும் தமிழ் என்று வந்தால் பள்ளி பார்த்து முடிவெடுக்கும். தொடக்கத் தேர்வு வாழ்நாளில் ஒருமுறைதான். அதில் சரளம் என்று வந்தால் அதோடு முடிந்தது. இல்லையென்றால் 'இங்கிலீஷ் லேர்னர்' என்ற வகையில் சேர்த்து, அந்த வகையிலிருந்து விடுவிக்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 1 முதல் மே 31-க்குள் ஆண்டு எல்பாக் வைப்பார்கள். உங்களுக்கு இப்போது வந்திருப்பது இந்த இரண்டாவது வகை. அப்படியானால் சேர்ந்தபோது எடுத்த தேர்வில் மகள் சரளம் என்று வரவில்லை. அந்த முடிவுக் கடிதம் உங்களுக்கு வந்திருக்க வேண்டும், வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

எல்பாக்குக்குப் பெற்றோர் விலக்கு கிடையாது. 60615 கடிதம் இங்கே செல்லாது. படிவத்தைத் திருத்தினால் போய்விடுமா என்றால், திருத்தலாம், ஆனால் தொடக்கத் தேர்வு நடந்த பிறகு திருத்துவது அவளுடைய வகைப்பாட்டை மாற்றாது. வேறு பள்ளிக்கு மாறினாலும் மாநிலத் தரவில் அந்த வகைப்பாடு கூடவே வரும். "அப்படியானால் தமிழ் என்று எழுதியிருக்கவே கூடாதோ" என்று வருந்துகிறீர்கள் என்று புரிகிறது. வருந்தாதீர்கள். உண்மையை எழுதினீர்கள். வெளியே வரும் வழியும் தெளிவானது. எல்பாக்கில் ஒட்டுமொத்தமாக நான்காம் நிலை, ஆசிரியரின் மதிப்பீடு, பெற்றோரின் கருத்து, அதே வயது ஆங்கிலப் பிள்ளைகளோடு ஒப்பிடும் அடிப்படைத் திறன் சான்று ஆகிய நான்கும் பொருந்தினால் மறுவகைப்படுத்துவார்கள். அந்த நான்காவது சான்றாகப் பல பள்ளிகள் எடுத்துக்கொள்வது ஸ்மார்ட்டர் பேலன்ஸ்ட் ஆங்கில மதிப்பெண்ணைத்தான். ஆக, மாநிலத் தேர்வுக்கு விலக்குக் கடிதம் கொடுத்தால், எல்பாக்கிலிருந்து விடுபட உதவும் ஒரு சான்றை நீங்களே கைவிட்டதாக ஆகலாம். கடிதம் எழுதும் முன், மறுவகைப்படுத்த எந்தத் தேர்வை ஏற்கிறீர்கள் என்று உங்கள் பள்ளியிடம் கேளுங்கள். ஐ-ரெடி போதும் என்றால் உங்களுக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. மாநிலத் தேர்வு மதிப்பெண்தான் வேண்டும் என்றால், உங்கள் நிலையில் நான் மகளை ஆங்கிலத் தேர்வையாவது எழுத வைக்கச் சொல்வேன். முழுவதிலிருந்தும் விலக வேண்டிய அவசியமில்லை, பகுதியாகவும் விலகலாம் என்பது இங்கேதான் உதவும்.

எழுதுவதானால், வீட்டில் படிக்கும் பிள்ளை தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தில் இல்லை, திரையில். இது கணினித் தேர்வு. ஒரு பகுதி தகவமைப்புத் தேர்வு, அதாவது சரியாகப் பதில் சொல்லச் சொல்லக் கேள்வி கடினமாகும். அதனால் கடைசிவரை "தெரியவில்லையே" என்ற உணர்வு நன்றாகப் படிக்கும் குழந்தைக்கும் வரும். அதை முன்பே சொல்லி வையுங்கள். மற்றொரு பகுதியில் ஆங்கிலத்துக்கு இரண்டு மூன்று வாசிப்புத் துணுக்குகளைப் படித்துக் கட்டுரையைத் தட்டச்சு செய்ய வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை கையால் ஒரு பக்கம் எழுதுவாள், விசைப்பலகையில் மூன்று வரிக்கே களைத்துவிடுவாள். இப்போதிருந்து தினமும் பத்து நிமிடம் தட்டச்சு போதும். மூன்றாம் வகுப்புக் கணிதத்தில் கால்குலேட்டர் கிடையாது, தாளில் போட்டுப் பார்த்துத் திரையில் பதில் இடும் பழக்கம் வேண்டும். மாநிலத்தின் காஸ்ப் தளத்தில் மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன, கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக நுழையலாம். கோட்டை இழுத்து வைப்பது, பின்னத்தை உள்ளிடுவது போன்ற கருவிகளை அங்கே பழகினால் பாதிக் கவலை தீரும். நேர வரம்பு இல்லை என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பில் எதிர்பார்க்கும் தரத்தைத் தொட ஆங்கிலத்துக்கு 2432, கணிதத்துக்கு 2436 வேண்டும். நான்கு இலக்க எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், 3 முதல் 11 வரை ஒரே அளவுகோலில் போடுவதால் அப்படி. இந்த வயதில் இந்த மதிப்பெண் வேறெந்தக் கதவையும் திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை.

இவ்வளவு கட்டுப்பாடு வேண்டாம் என்று தோன்றினால் பிஎஸ்ஏ வழி திறந்தே இருக்கிறது. அதன் வழக்கமான பதிவுக் காலம் அக்டோபர் 1 முதல் 15 வரை. நடு ஆண்டில் தொடங்குபவர்களும் பதியலாம். தேர்வும் ஆசிரியர் சந்திப்பும் பணமும் எதுவும் இருக்காது. வருகைப் பதிவேடும் பாடத்திட்டமும் நீங்கள் வைத்திருக்க வேண்டும், பாடமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும், தமிழைத் தனிப் பாடமாகத் தாராளமாக வைக்கலாம். முதலில் பிஎஸ்ஏ பதிவை முடித்து, பிறகு சார்ட்டரிலிருந்து விலகுங்கள். வரிசை மாறினால் இடையில் எந்தப் பள்ளியிலும் இல்லாத நாட்கள் விழும். மகளுக்குப் பேச்சுப் பயிற்சி போல ஐஈபி (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குப் பள்ளி போடும் தனிக் கல்வித் திட்டம்) வழிச் சேவை ஏதாவது நடந்துகொண்டிருந்தால் இந்த முடிவை நிதானமாக எடுங்கள், சார்ட்டரில் அது அவளுடைய உரிமை, தனியார் பள்ளியாகிவிட்டால் அதே உரிமை தொடராது.

திருச்சிப் பயணம்: மே மாதத்தில் எப்போது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆண்டின் பாடநாட்களில் 66 விழுக்காடு முடிந்த பிறகே மாநிலத் தேர்வுக் காலம் தொடங்கும், அதனால் பள்ளிகள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வைக்கின்றன. தேர்வு நாளையும், தவறியவர்களுக்கான மறு நாளையும், எல்பாக் நாளையும் இப்போதே கேட்டு வாங்கி, மூன்றும் விமானத்துக்கு முன் விழுமாறு இடம் கேளுங்கள். எல்பாக்கில் பேச்சுப் பகுதி தனியாக ஒருவரோடு நடப்பது, அதற்கு நேரம் ஒதுக்குவது தாமதமாகும், முதலில் அதைப் பிடியுங்கள். ஊரில் இருக்கும் பள்ளி நாட்களிலும் பாடவேலை நடந்திருக்க வேண்டும், தினசரிப் பதிவில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், திரும்பி வந்ததும் ஒர்க் சாம்பிள் தர வேண்டும். பயண நாட்களைப் பள்ளிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பள்ளி இருக்கும் கவுண்டியிலோ அதை ஒட்டிய கவுண்டியிலோ குடும்பம் வசிக்க வேண்டும் என்பது இந்தச் சேர்க்கையின் அடிப்படை. சில வாரப் பயணம் அதைப் பாதிக்காது, வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரில் இருந்தபடி சேர்க்கையைத் தொடர்வது பாதிக்கும்.